மேலிருந்து நம் தோட்டம்: செயற்கைக்கோள் பற்றி நம்மூர் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டி வருகிறேன். ரப்பர்ப் பால்மரம் சீவி ஓய்ந்தவர்கள், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கும் அக்காமார்கள், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. தோட்டத்து ஆபீசில் பல வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்து, அப்புறம் ஆர்வத்தில் இதைக் கற்றுக்கொண்டவன். வாரா வாரம் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்கிறதா, சுற்றிக்கொண்டே இருக்கிறதா?

இரண்டு வகையும் உண்டு. உங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய நாளிலிருந்து அது ஒரே பக்கம்தான் பார்க்கிறது. ஏனென்றால் அது பார்க்கிற மியாசாட் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைச் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுகிறது. கீழே இருக்கும் நமக்கு அது நிற்பதுபோல் தெரிகிறது.

அதே உயரத்தில் ஜப்பானின் ஹிமாவாரி இருக்கிறது. பெயருக்குச் சூரியகாந்தி என்று பொருள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, தன் கண்ணுக்கு எட்டிய பூமியின் பாதியை முழுசாகப் படம் எடுக்கிறது. நமக்கு அது மிக உபயோகம். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து நீளமான மழை மேகக் கோடு ஒன்று மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து அடிக்கும் அல்லவா? பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் வந்து நின்ற பிறகு கொட்டி, அன்றைய சீவலைக் கெடுக்கும் மழை. அந்தக் கோடு கடலில் உருவாகி நகர்வதை ஹிமாவாரி படத்தில் சில மணி நேரம் முன்பே பார்த்துவிடலாம். எங்கள் காலத்தில் அது இல்லை. வாசலில் நின்று மேற்கே பார்ப்போம், அவ்வளவுதான்.

இரண்டாவது வகை தாழ்வாகப் பறப்பது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 705 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திலிருந்து துருவமாகச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 99 நிமிடம். அது சுற்றச் சுற்ற கீழே பூமி திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு பட்டை நிலம் அதன் கண்ணில் படும். 16 நாளில் உலகம் முழுக்கப் பார்த்து முடித்து மறுபடி நம் தலைக்கு மேல் வரும். உயரத்தில் இருப்பது அடிக்கடி பார்க்கும், ஆனால் மங்கலாக. தாழ்வில் இருப்பது எப்போதாவதுதான் பார்க்கும், ஆனால் கூர்மையாக.

பழைய தோட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. முடியும், ஓர் அளவுக்கு.

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. பூமியின் நிலத்தைத் தொடர்ந்து படம் எடுப்பதற்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. அதில் இருந்த பல நிற வருடியை வடிவமைத்தவர் வர்ஜீனியா நோர்வுட் என்ற பொறியாளர். அந்தக் கருவியின் படத்தில் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். ஒரு பந்துத் திடலே ஏறக்குறைய ஒரு கட்டம்தான். அதில் லயமும் (தொழிலாளர் வீட்டு வரிசையும்) தெரியாது, பால் கொட்டகையும் தெரியாது. எது காடு, எது வெட்டவெளி, எது ஈயக் குட்டை என்பது தெரியும். நம்மூரைச் சுற்றி இருக்கும் பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகள் அந்த மாதிரிப் படங்களில் கறுப்புத் திட்டுகளாகக் கிடக்கும்.

1980-களில் வந்த லேண்ட்சாட் கருவிகளில் கட்டம் 30 மீட்டராகச் சுருங்கியது. 1984-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, மூன்று வருடம் உழைத்தால் போதும் என்று கட்டப்பட்டது. 2013 வரை உழைத்தது. நம் தோட்டங்களில் பால்மரம் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்ததும், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்ததும், ஆள்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்ததும் பெரும்பாலும் அந்த ஒரே செயற்கைக்கோளின் ஆயுளுக்குள் நடந்தவை. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. நாங்கள் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதெல்லாம் மேலே ஒன்று அமைதியாகப் பதிவு செய்துகொண்டே போயிருக்கிறது.

செம்பனைக்கும் நம்மூருக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-ல், இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியர். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ் இருக்கிறது. அந்த 1917-ஐ எந்தச் செயற்கைக்கோளும் பார்க்கவில்லை. அதற்குப் பழைய வரைபடமும், வாய்வழிக் கதையும்தான் சாட்சி.

இந்தப் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். அதற்கு முன் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. விலையை எடுத்த பிறகுதான் உலகம் முழுக்க மாணவர்களும் சாதாரண ஆள்களும் இதைத் தொட முடிந்தது. என்னைக் கேட்டால், ராக்கெட்டை விடப் பெரிய விஷயம் அந்த முடிவு.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதானே? பால்மரமா, செம்பனையா, காடா என்று எப்படித் தெரியும்?

பச்சை என்பது நம் கண் பார்க்கிற அளவு. நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். செயற்கைக்கோள் இரண்டையும் தனித்தனியே அளக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் செழிப்பான இலை. குறைந்துகொண்டே வந்தால் வறட்சி, நோய், அல்லது வெட்டு.

பால்மரத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), கணினியைத் தொட்டே பார்க்காதவர். "மாசியில எல உதிரும்ல தம்பி, அப்போ பாரு" என்றார். அதேதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும். செம்பனை எப்போதும் உதிர்க்காது. மாசியில் எடுத்த படத்தையும் வைகாசியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் வெளுத்துப் பிறகு பச்சையாகும் துண்டு பால்மரம். ஆய்வாளர்களும் இந்த இலையுதிர்வைத்தான் பிடிக்கிறார்கள்.

செம்பனைக்கு வேறு அடையாளம். முக்கோண வரிசையில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுகிறோம். ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மரம் வரும். தனி மரம் தெரியாது, ஆனால் குலை ஏற்றும் பாதைகள் சதுரம் சதுரமாகத் தெரியும். 25 வருடம் கழித்து மறுநடவு செய்யும் துண்டு, மண் நிறத்தில் பளிச்சென்று நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. அடித்தண்டு அழுகல் நோயைச் செயற்கைக்கோள் முன்கூட்டியே பிடிக்குமா என்று ஒருவர் கேட்டார். அந்த நோயில் மட்டை சோர்ந்து தொங்கும்போதே அடித்தண்டில் பாதி போயிருக்கும். மேலிருந்து பார்ப்பது மட்டையைத்தான். இன்றைக்கும் தோட்டத்துக்குள் நடந்து, தண்டைத் தட்டிப் பார்க்கிற ஆளுக்கு ஈடு இல்லை.

நம் ஊரில் பாதி நாள் மேகம். வெள்ளம் வரும்போது வானமே தெரியாது. அப்போது என்ன செய்வது?

சரியான கேள்வி. லேண்ட்சாட், சென்டினல்-2 இரண்டும் காலை பதினொன்றரை வாக்கில் நம் பக்கம் வரும். மேகம் இருந்தால் படம் முழுக்க வெள்ளைப் பஞ்சு. ஒரு வருடத்தில் நல்ல படம் நான்கைந்து கிடைத்தாலே சந்தோஷம்.

அதனால்தான் ராடார் செயற்கைக்கோள்கள். சென்டினல்-1 சூரிய ஒளியை நம்பவில்லை. தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. ஐந்தரை சென்டிமீட்டர் நீள அலை அது. மேகத்துளி அதற்கு ஒரு தடையே இல்லை, இரவும் தடையில்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி சமமாக இருப்பதால், அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிப் போட்ட மாதிரி வெள்ளத்தில், மழை விடாத நாளிலும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வரைபடம் போட முடிவது இதனால்தான்.

ஆனால் செம்பனைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்? அந்த ஐந்தரை சென்டிமீட்டர் அலை மட்டைகளிலேயே சிதறிவிடும். தோட்டத்துக்குள் இடுப்பளவு நீர் நின்றாலும் படத்தில் சாதாரணத் தோட்டமாகவே தெரியலாம். அதைப் பார்க்க இன்னும் நீளமான, 24 சென்டிமீட்டர் அலை வேண்டும். அது இலைகளைக் கடந்து, தண்ணீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்பும்போது அந்த இடம் வழக்கத்தை விட வெளிச்சமாகிவிடும். ஜப்பானின் ஆலோஸ் வரிசைச் செயற்கைக்கோள்களில் அந்த அலை உண்டு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசாரிலும் உண்டு. நைசார் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டியது. 12 மீட்டர் அகல ஆண்டெனாவைக் குடை மாதிரி விண்வெளியில் விரித்துக்கொண்டு, 12 நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது.

புகைமூட்டக் காலத்தில் "ஹாட்ஸ்பாட்" என்கிறார்களே, அது எப்படிக் கிடைக்கிறது?

2005 ஆகஸ்ட் 11 நம்மில் பலருக்கு மறக்காது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கோலக் கிள்ளானிலும் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் புகைமூட்ட அவசரநிலை அறிவித்தார்கள். எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குள் கிடந்தார்கள்.

அன்றைக்கே மேலே டெர்ரா, அக்குவா என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் சுமத்ராவின் தீயைப் பதிந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்த மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். இன்றைக்கு உள்ள வீர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். இவை பார்ப்பது புகையையோ சுவாலையையோ இல்லை, வெப்பத்தை. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பு ஒளியை வீசும். தீயின் சூட்டில் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில், சுமார் நான்கு மைக்ரோமீட்டரில், அந்த வீச்சு மடமடவென்று ஏறிவிடும். அதனால் கட்டத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் எரிந்தாலே முழுக் கட்டமும் பக்கத்துக் கட்டங்களை விடச் சூடாகத் தெரியும். கணினி அதைப் பிடித்து ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் சில மணி நேரத்துக்குள் யாரும் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் நம் வட்டாரத்துக்குப் புகையின் நகர்வையும் சேர்த்துப் படம் போடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசுவதால், சுமத்ராவில் எரிவது நம் மூக்குக்கு வருகிறது.

எல்லாப் புகையும் கடல் தாண்டி வருவது என்று நினைத்துவிட வேண்டாம். நம் வடக்குப் பக்கம் ராஜா மூசா காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. வடக்குச் சிலாங்கூரின் பெரிய காம்புட் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. காம்புட் என்பது பல ஆயிரம் வருடமாக இலையும் மரமும் தண்ணீருக்குள் மக்காமல் சேர்ந்த மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது விறகாகிவிடும். ராஜா மூசாவிலும் இப்படித் தீ பிடித்திருக்கிறது. அந்தத் தீ மண்ணுக்கு அடியில் சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே போகும். செயற்கைக்கோளுக்கும் சிரமமான தீ அது, மேலே சூடு குறைவு, புகையோ அதிகம். புள்ளி இல்லாத நாளிலும் புகை வருவதற்கு இது ஒரு காரணம். மேகமும் கெட்டியான புகையும் மறைப்பது இன்னொரு காரணம்.

ஒரு தோட்டத்தின் மேல் சிவப்புப் புள்ளி விழுந்தால், அவர்கள்தான் கொளுத்தினார்கள் என்று ஆகிவிடுமா?

ஆகாது. புள்ளி வைப்பது கட்டத்தின் நடுவில். தீ அதே கட்டத்தின் ஓரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். 375 மீட்டர் கட்டம் என்றால் ஏறக்குறைய 14 ஹெக்டர். எரிவாயு கொளுத்தும் குழாய், வெயிலில் காய்ந்த பெரிய தகரக் கூரைகூடச் சில நேரம் புள்ளியாகிவிடும். புள்ளி "இங்கே போய்ப் பாருங்கள்" என்று சொல்கிறது. போய்ப் பார்த்த பிறகுதான் யார், ஏன் என்பது. அதே சமயம், அந்த இடத்தில் அடுத்தடுத்த மாதப் படங்களில் எரிந்த தழும்பும், அப்புறம் புதிய நடவு வரிசையும் தெரிந்தால், கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மழையை எப்படி மேலிருந்து அளக்கிறார்கள்? மழைமானி போதாதா?

மழைமானி என் கையில் இருந்த பொருள். தினமும் காலையில் ஆபீஸ் பின்புறம் போய், குழாயில் நின்ற தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, நோட்டில் எழுதுவேன். சீவலுக்கும் உரம் போடுவதற்கும் அந்த எண்தான் ஆதாரம். உலகத்தில் கணக்குக்குக் கிடைக்கும் மழைமானிகளின் வாய்களை எல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு கால்பந்துத் திடல்கூட நிரம்பாது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடல் முழுக்க மழைமானியே இல்லை. அதனால்தான் 1997-ல் ட்ரம், 2014-ல் ஜிபிஎம் என்று ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து மழை ராடாரை விண்ணுக்கு அனுப்பின.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் ஏற்கனவே வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். கனமழை பிடித்தால் ஆஸ்ட்ரோவில் படம் போய்விடுகிறதே, ஏன்? அந்த ஒளிபரப்பு அலையைப் பெரிய மழைத்துளிகள் விழுங்கிச் சிதறடிக்கின்றன. ஜிபிஎம் ராடாரின் ஓர் அலை அதே வகையைச் சேர்ந்ததுதான். மேலிருந்து அதை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்புவது எவ்வளவு என்று பார்த்தால், எந்த உயரத்தில் எவ்வளவு மழை என்பது அடுக்கடுக்காகக் கிடைத்துவிடும். நாடகம் பார்க்கும்போது நமக்குத் தொல்லையாக இருப்பது அங்கே அளவுகோல்.

பல செயற்கைக்கோள்களின் அளவைச் சேர்த்து அரை மணிக்கு ஒரு உலக மழை வரைபடம் தயாரிக்கிறார்கள். அதில் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர். நம் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், மேல் டிவிஷனில் கொட்டும், கீழ் டிவிஷனில் வெயில் அடிக்கும். 10 கிலோமீட்டர் கட்டத்துக்குள் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். அதைச் சரிபார்த்துத் திருத்துவதற்குத் தரையில் இருக்கும் மழைமானிகளின் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். பழைய தோட்ட ஆபீஸ்களில் மழை நோட்டுகள் எங்காவது கிடந்தால், தயவுசெய்து பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஐம்பது அறுபது வருடத் தினசரி மழைக்கணக்கை எந்த ராக்கெட்டாலும் திரும்பப் போய் எடுத்து வர முடியாது.

காம்புட் நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காம்புட்டில் நட்ட செம்பனை ஏன் சாய்ந்து நிற்கிறது என்று கவனித்திருப்பீர்கள். மரம் சாய்வதற்கு முன் அதன் அடி மண் இறங்கியிருக்கும், வேர் வெளியே தெரியும். நீரை வடித்த காம்புட் காற்றுப் பட்டு மெல்ல மக்கி, கரியமில வாயுவாகப் போகிறது. போன அளவுக்கு நிலம் இறங்குகிறது.

இதை ராடார் செயற்கைக்கோளால் அளக்கலாம். ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு நாளில் அலையை அனுப்புவார்கள். திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்கம் முதல் முறை எந்த நிலையில் இருந்தது, இரண்டாம் முறை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். நிலம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் அலை அந்த அளவுக்குத் தள்ளிப் போயிருக்கும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விரல்கடை அளவை அளப்பது என்றால் நம்ப முடிவதில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்காசியாவின் காம்புட் நிலங்களில் மிகப் பெரும்பாலானவை இறங்கிக்கொண்டிருப்பதை இந்த முறையில் காட்டியது. சராசரி வருடத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு செம்பனை நடவின் 25 வருட ஆயுளுக்கு அதைப் பெருக்குங்கள், அரை மீட்டர். வாய்க்காலின் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் வேகம் குறையும் என்பதும் இந்த அளவுகளால் தெரிகிறது.

அப்படியானால் கடல்? அது உயர்வதையும் மேலிருந்து அளக்கிறார்களா?

ஆமாம். 1992-ல் போன டோப்பெக்ஸ்-பொசைடனில் தொடங்கி, ஜேசன் வரிசை, 2020-ல் போன சென்டினல்-6 வரை, ஒன்று ஓய்வதற்கு முன் அடுத்தது போய் அதே பாதையில் கூடவே பறந்து, இரண்டின் அளவும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும். 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடல்பரப்புக்கு அலை போய்த் திரும்பும் நேரத்தை அளப்பதுதான் வேலை. 1993-லிருந்து உலகச் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் வருடத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம் இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு.

கோல சிலாங்கூர்க் கரையோரம் மண் அணை கட்டித்தான் தாழ்ந்த நிலங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல் ஏறுகிறது, இன்னொரு பக்கம் காம்புட் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஊர் நம்முடையது.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1-உம் டோப்பெக்ஸும் வங்காள விரிகுடாப் பக்கம் கடந்து போயின. நடுக்கடலில் அலையின் உயரம் அரை மீட்டர் அளவுதான் என்று அவை பதிந்தன. அந்த அரை மீட்டர்தான் கரைக்கு வந்ததும் நாகப்பட்டினத்தையும் இங்கே கெடாவின் கோத்தா கோல மூடாவையும் அப்படி ஆக்கியது. அந்த அளவு அப்போதே யாரையும் எச்சரிக்கும் வகையில் கிடைக்கவில்லை, பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சுனாமிக் கணிப்புச் சூத்திரங்களைச் சரிபார்க்க அது உதவியது.

மலேசியாவுக்குச் சொந்தமாக இப்படி ஒன்று இருந்ததா?

2000 செப்டம்பரில் தியோங்சாட்-1 போனது. 2009 ஜூலை 14 அன்று ராசாக்சாட். இரண்டாவதை நான் விசேஷமாகச் சொல்வேன். அதைத் துருவப் பாதையில் விடாமல், நிலநடுக்கோட்டை ஒட்டி 9 பாகைச் சாய்வில் விட்டார்கள். காரணம் நம் மேகம். துருவப் பாதையில் போவது எப்போதோ ஒரு முறை வரும், அன்று மேகம் இருந்தால் போச்சு. நிலநடுக்கோட்டை ஒட்டிப் போனால் ஒரே நாளில் பல தடவை வந்து, மேகத்தின் இடைவெளியில் எட்டிப் பார்க்கலாம். நம் வானத்துக்கென்றே யோசித்த யோசனை அது. ஆனால் ராசாக்சாட் ஓராண்டு அளவுதான் உழைத்தது. யோசனை இன்றும் சரியானது என்பது என் எண்ணம். இப்போது பொறுப்பில் இருப்பது 2019-ல் அமைந்த மலேசிய விண்வெளி நிறுவனம். வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களின் படங்களைப் பெறும் தரை நிலையம் பகாங், தெமெர்லோவில் இருக்கிறது.

கொல்லையில் நான் துணி காயப்போடுவதுகூடத் தெரியுமா?

தெரியாது அக்கா. நான் காட்டும் இலவசப் படங்களில் உங்கள் வீடே ஒன்றிரண்டு கட்டம். காசுக்கு விற்கும் மிகக் கூர்மையான படங்களில் ஒரு கட்டம் 30 சென்டிமீட்டர். அதில் கார் தெரியும், கார் நம்பர் தெரியாது. ஆள் நிற்பது ஒரு புள்ளி, முகம் தெரியாது.

பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கலாம்?

கைப்பேசி போதும், ஆனால் கணினி இருந்தால் வசதி. முதலில் கூகுள் எர்த்தின் டைம்லேப்ஸ் பாருங்கள். 1984-லிருந்து வருடா வருடம் நம்மூர் மாறுவது படம் ஓடுவதுபோல் ஓடும். அப்புறம் கோப்பர்னிக்கஸ் பிரவுசரில் சென்டினல்-2 படங்களைத் தேடுங்கள், மேக அளவு குறைந்த தேதிகளாகத் தேர்ந்தெடுங்கள். லேண்ட்சாட் 5 படங்கள் வேண்டுமானால் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பாதை 127, வரிசை 58 என்று கேட்டால் நம் சிலாங்கூர் வரும். ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். கடலிலிருந்து சுங்கை சிலாங்கூர் வளைந்து வளைந்து உள்ளே வரும், குட்டைகள் தெரிய ஆரம்பித்தால் நம்மூர் நெருங்கிவிட்டது.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு நிறம் புரியவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்து, தேதியோடு எழுதுங்கள். போக முடியாத பழைய வருடம் என்றால் அந்த இடத்தில் வேலை செய்தவரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய பெரிய நிறுவனங்களும் வரைபடம் போட்ட பிறகு இதே வேலையைச் செய்கின்றன, தரைச் சரிபார்ப்பு என்று அதற்குப் பெயர்.

நான் பிறந்த லயத்தைக் காட்டுவியா, தம்பி?

கேட்டவர் எண்பது தாண்டிய ஒரு பாட்டி. அந்த லயங்கள் இப்போது இல்லை, செம்பனை நிற்கிறது. 1980-களின் கடைசியில் எடுத்த ஒரு லேண்ட்சாட் 5 படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். 30 மீட்டர் கட்டத்தில் ஒரு லயம் என்பது வெளிறிய இரண்டு மூன்று சதுரம்தான். எனக்கு அது வீடா, வெறும் மண்ணா என்றே தெரியவில்லை. பாட்டி துணிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஆற்றைக் காட்டச் சொன்னார், மண் சாலையைக் காட்டச் சொன்னார், பிறகு விரலை வைத்தார். வெளிறிய சதுரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் கரும்பச்சை. அது கோயில் அரசமரம் என்றார். அதன் கீழ்ப்பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, அதற்கு இந்தப் பக்கம் குழாயடி, அங்கே காலை நான்கு மணிக்கே வரிசை நிற்கும் என்றார். மண்டபத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அந்த நாலு சதுரத்தின் அளவெண்களுக்கு நேராக என் நோட்டில் இப்போது இப்படி இருக்கிறது: ஆறாம் நம்பர் லயம், பத்து வாசல், அரசமரம், ஆயக்கொட்டகை, குழாயடி. அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத் திடலைத் தேடலாம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.